வெற்றி அணி கட்ட எத்தனை ஆண்டு? பேஸ்பால் ஜெனரல் மேனேஜரின் காலக் கணக்கு

தியோ எப்ஸ்டீன் 2002 நவம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் ஆனபோது அவருக்கு வயது 28. இரண்டாவது சீசனிலேயே, 2004-இல், அந்த அணி லீகின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் கோப்பையை வென்றது. 1918-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. அதே எப்ஸ்டீன் 2011 அக்டோபரில் சிகாகோ கப்ஸ் அணியின் பேஸ்பால் பிரிவுத் தலைவராகப் போனார். முதல் சீசனில் 101 தோல்வி. அடுத்ததில் 96. அதற்கடுத்து 89. கோப்பை கைக்கு வந்தது ஐந்தாவது சீசனில், 2016-இல்.

ஆள் ஒருவர்தான், மூளையும் ஒன்றுதான். பாஸ்டனில் அவர் கையில் கிடைத்தது முந்தைய ஆண்டு 93 ஆட்டங்கள் வென்ற அணி. பெட்ரோ மார்டினெஸ், மானி ரமிரெஸ், ஜேசன் வரிடெக், டெரெக் லோ எல்லாரும் அவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். அவர் மினசோட்டா அணி கழற்றிவிட்ட டேவிட் ஓர்ட்டிஸை 12.5 லட்சம் டாலருக்குப் பிடித்தார், கர்ட் ஷில்லிங்கை மாற்றிக் கொண்டுவந்தார், வீட்டுக்கு மேல்தளம் போட்டார். சிகாகோவில் அஸ்திவாரமே இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஆகவே “ஒரு ஜெனரல் மேனேஜருக்கு எத்தனை ஆண்டு கொடுக்கலாம்?” என்று கேட்பவர், அதற்கு முன் “அவர் கையில் என்ன கொடுத்தார்கள்?” என்று கேட்க வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஐந்து ஆண்டு. அந்த ஐந்து வாய்க்கு வந்த எண் கிடையாது. வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் விதி, சம்பள விதி, மனித உடல் முதிரும் வேகம் ஆகிய மூன்றையும் கூட்டினால் அங்கேதான் வந்து நிற்கிறது.

முதலில் வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். மைதானத்தில் நின்று பிட்சரை (பந்து வீசுபவரை) மாற்றுகிறவர் மேனேஜர். அவர் வேறு, ஜெனரல் மேனேஜர் வேறு. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை வளர்ப்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் ஜெனரல் மேனேஜர் பொறுப்பு. இப்போது பல அணிகளில் அவருக்கு மேலே “பேஸ்பால் பிரிவுத் தலைவர்” என்று ஒருவர் இருக்கிறார். அப்படி இருந்தால் உண்மையான அதிகாரம் அவரிடம்தான். இந்தக் கட்டுரையில் இருவரையும் சேர்த்தே ஜெனரல் மேனேஜர் என்கிறோம். பணம் உரிமையாளருடையது.

பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகில் 30 அணிகள். ஒவ்வொன்றும் சீசனுக்கு 162 ஆட்டம். ஆடும் பட்டியலில் 26 பேர், அதற்குப் பின்னால் 40 பேர் கொண்ட பாதுகாக்கப்பட்ட பட்டியல், அதற்கும் பின்னால் கீழ்நிலைப் பயிற்சி அணிகளான மைனர் லீக் அணிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள். ஐபிஎல் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மெகா ஏலம் போல இரண்டு நாளில் அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாக வாங்க பேஸ்பாலில் வழியே இல்லை. உள்ளதை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற முடியும்.

எவ்வளவு தூரம் ஏற வேண்டும்?

65 ஆட்டம் வென்ற அணி 90 வெல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 90 வந்தால் பெரும்பாலும் பிளே-ஆஃப் கிடைத்துவிடும். 2022 முதல் 12 அணிகளுக்கு இடம் உண்டு. இடைவெளி 25 வெற்றி.

பேஸ்பாலில் பத்து ரன் ஏறத்தாழ ஒரு வெற்றிக்குச் சமம். அணி சீசன் முழுக்க எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் வெற்றி விகிதம் கிடைக்கும். 750 எடுத்து 650 கொடுத்தால் 0.571 வரும், 162 ஆட்டத்துக்கு 92 அல்லது 93 வெற்றி. 700 எடுத்து 700 கொடுத்தால் 81. அப்படியானால் 25 வெற்றி கூட வேண்டும் என்றால் சுமார் 250 ரன் வித்தியாசத்தை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அதிகம் எடுக்கலாம், குறைவாகக் கொடுக்கலாம், இரண்டையும் கலக்கலாம்.

ஆள் கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவு. மைனர் லீகிலிருந்து குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கும் மாற்று ஆட்களை மட்டுமே வைத்து ஆடினால் ஒரு அணி 48 ஆட்டம்போல வெல்லும் என்று புள்ளியியலாளர்கள் அளவு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு வீரர் எத்தனை வெற்றி சேர்க்கிறார் என்பதே அவருடைய மதிப்பு. சராசரி நிலையான வீரர் சீசனுக்கு 2 சேர்ப்பார். நட்சத்திரம் 5, 6. ஆகவே 90-ஐத் தொட 42 சேர வேண்டும். ஆளுக்கு 6 தரும் இருவர், 4 தரும் மூவர், 2 தரும் அறுவர் இருந்தால் 36 ஆயிற்று. மீதி 6-ஐ ஆட்டத்தின் நடுவே இறங்கும் ரிலீஃப் பிட்சர்களும் பெஞ்சில் இருப்பவர்களும் தர வேண்டும். பதினொரு நல்ல ஆட்கள், அவர்களில் ஐவர் மிக நல்லவர்கள், எல்லாரும் ஒரே ஆண்டில் உடல்நலத்தோடு. ஒரு குளிர்காலத்தில் இப்படிப் பதினொரு பேரை விலைக்கு வாங்கிவிட முடியாது; அத்தனை பேர் சந்தைக்கே வரமாட்டார்கள்.

ஆள் வரும் வழிகளும் ஒவ்வொன்றின் கடிகாரமும்

முதல் வழி டிராஃப்ட். 1965-இல் தொடங்கியது. இப்போது ஜூலை மாதத்தில் 20 சுற்று நடக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பள்ளி, கல்லூரி முடித்த வீரர்களை, பெரும்பாலும் அதிகம் தோற்ற அணி முன்னால் என்ற வரிசைப்படி, அணிகள் தேர்ந்தெடுக்கும். கூடைப்பந்திலோ அமெரிக்கக் கால்பந்திலோ தேர்வானவர் சில மாதத்தில் முதல் அணியில் ஆடிவிடுவார். பேஸ்பாலில் அவர் போய் நிற்பது நாற்றங்காலில். ரூக்கி லீக், சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று படிப்படியாக ஏற வேண்டும். பள்ளியிலிருந்து வந்தவருக்கு நான்கைந்து ஆண்டு ஆகும். கல்லூரியிலிருந்து வந்தவருக்கு இரண்டு முதல் நான்கு. விதிவிலக்கு உண்டு: 2015 ஜூனில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் தேர்ந்தெடுத்த அலெக்ஸ் பிரெக்மன் 2016 ஜூலையிலேயே மேஜர் லீகில் ஆடினார். அந்த வேகம் அபூர்வம்.

படியேறுவதில் தடுமாற்றம் எங்கே வரும் என்றால், பெரும்பாலும் டபுள்-ஏவில். அதுவரை வேகப்பந்தை மட்டும் அடித்து வந்த இளைஞர், வளைபந்தை எந்த நேரத்திலும் துல்லியமாகப் போடத் தெரிந்த பிட்சர்களை முதன்முதலாகச் சந்திப்பது அங்கேதான். அதனால் சிங்கிள்-ஏவில் ஒருவர் அடிக்கும் ரன்களைப் பார்த்து ரசிகர்கள் கொண்டாடினாலும் அணி அலுவலகம் அவ்வளவு நம்பாது.

இரண்டாவது வழி வெளிநாட்டு இளைஞர்கள். டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா போன்ற நாடுகளில் 16 வயதானவரோடு ஒப்பந்தம் போடலாம். இங்கே வெளியே தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. காகிதத்தில் கையெழுத்து 16 வயதில் என்றாலும் வாய்ப்பேச்சு பல ஆண்டு முன்பே முடிந்திருக்கும். புதிய ஜெனரல் மேனேஜர் வந்து உட்காரும்போது அடுத்த இரண்டு மூன்று ஆண்டுக்கான நல்ல பையன்கள் வேறு அணிகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டிருப்பார்கள். அதன் பிறகு கையெழுத்திடுபவர் மேலே வர இன்னும் ஐந்தாறு ஆண்டு. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் மைக் எலையஸ் 2018 நவம்பரில் பொறுப்பேற்றார். 2021 ஜனவரியில் 16 வயது சாமுவேல் பசாயோவுக்கு 13 லட்சம் டாலர் கொடுத்தார். பசாயோ மேஜர் லீகில் கால் வைத்தது 2025 ஆகஸ்டில். இது வேகமான பயணம்தான். அப்படியிருந்தும் எலையஸின் ஏழாவது சீசன் ஆகிவிட்டது.

மூன்றாவது, டிரேட். உன்னிடம் இருப்பதைக் கொடுத்து என்னிடம் இருப்பதை வாங்கிக்கொள். ஜெனரல் மேனேஜரின் கைத்திறன் இங்கேதான் வெளிப்படும், காலத்தையும் இதுதான் சுருக்கும். தோற்கிற அணியிடம் இரண்டே சரக்கு இருக்கும்: இப்போது நன்றாக ஆடும் மூத்த வீரர்கள், கொஞ்சம் பொறுமை. வெல்லும் அணி ஜூலை இறுதிக் கெடு நெருங்கும்போது அவசரத்தில் இருக்கும். அந்த அவசரத்துக்கு விலை வைப்பதுதான் வியாபாரம்.

கப்ஸ் இதைச் செய்த விதத்தைப் பாடமாகவே படிக்கலாம். 2012-13 குளிர்காலத்தில் ஸ்காட் ஃபெல்ட்மன் என்ற பிட்சருக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டார்கள், 60 லட்சம் டாலர். நன்றாக ஆடினால் ஜூலையில் விற்றுவிடலாம் என்பதே திட்டம். ஆடினார். பால்டிமோருக்கு அனுப்பி, அங்கே அடிவாங்கிக் கொண்டிருந்த ஜேக் அரியெட்டாவையும் ரிலீஃப் பிட்சர் பெட்ரோ ஸ்ட்ரோப்பையும் வாங்கினார்கள். அரியெட்டா 2015-இல் 22 வெற்றியோடு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். அதற்கு முன், 2012 ஜூலையில் ரயன் டெம்ப்ஸ்டரை அட்லாண்டாவுக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அவர் மறுத்துவிட்டார். மேஜர் லீகில் பத்து ஆண்டும், அதில் கடைசி ஐந்து ஒரே அணியிலும் ஆடியவருக்கு டிரேடை மறுக்கும் உரிமை உண்டு. வேறு வழியின்றி கெடு நாளன்று டெக்சஸுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் கைல் ஹெண்ட்ரிக்ஸ். 2016 வேர்ல்டு சீரிஸ் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் அவர்தான். அதிர்ஷ்டத்துக்கும் இந்தத் தொழிலில் பங்குண்டு என்பதை யாரும் மறைக்கத் தேவையில்லை.

நான்காவது வழி ஃப்ரீ ஏஜென்ட் சந்தை. ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பணம் கொடுத்து வாங்குவது. வேகமான வழி, விலையும் அதிகம். சந்தைக்கு வருபவர் பெரும்பாலும் 28, 30 வயதானவர். உச்சத்தின் பின்பாதியை வாங்கி, இறக்கத்துக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும்.

சின்ன வழி ஒன்றும் உண்டு, ரூல் 5 டிராஃப்ட். 18 வயதிலோ அதற்கு முன்போ கையெழுத்திட்டவரை ஐந்து சீசனுக்குள்ளும், 19 அல்லது மேல் என்றால் நான்கு சீசனுக்குள்ளும் 40 பேர் பட்டியலில் சேர்க்காவிட்டால் வேறு அணி 1 லட்சம் டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த சீசன் முழுக்க மேஜர் லீக் பட்டியலிலேயே வைத்திருக்க வேண்டும். வெல்லும் அணியால் அப்படி ஓர் இடத்தை ஒதுக்க முடியாது. தோற்கும் அணியால் முடியும். 2011 டிசம்பரில் இப்படித்தான் கப்ஸிடமிருந்து நழுவிய மார்வின் கோன்சாலஸ், பாஸ்டன் வழியாக அன்றே ஹூஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். 2017 கோப்பை அணியில் அவர் இருந்தார்.

ஆறு ஆண்டு என்ற எண்

எல்லாத் திட்டத்துக்கும் நடுவில் ஒரே விதி நிற்கிறது. மேஜர் லீகுக்கு வந்த வீரர் ஆறு ஆண்டு சேவை முடிக்கும்வரை அணியின் கட்டுப்பாட்டில் இருப்பார். 172 நாள் பட்டியலில் இருந்தால் ஓராண்டு சேவை. முதல் மூன்று ஆண்டு ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம். 2025-இல் அது 7.6 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டு, சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் வழியாகச் சம்பளம் ஏறும். சிலருக்கு இந்த ஏற்றம் ஓராண்டு முன்னதாகவே தொடங்கும். ஆறு முடிந்ததும் அவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

6 வெற்றி தரும் இளைஞர் எட்டு லட்சம் டாலருக்கும் குறைவாக ஆடும் அந்த முதல் மூன்று ஆண்டுதான் பொன்னான காலம். அப்போது மிச்சமாகும் பணத்தில் சந்தையிலிருந்து ஆள் வாங்கலாம். அதனால் ஜெனரல் மேனேஜர் தன் நல்ல இளைஞர்களை ஒரே நேரத்தில் மேலே கொண்டுவரப் பார்ப்பார். ஒருவர் 2020-இல், இன்னொருவர் 2023-இல், மற்றொருவர் 2026-இல் என்று வந்தால் முதலாமவர் கிளம்பும்போது மூன்றாமவர் வருவார். எந்த ஆண்டும் அணி முழுமையாக இருக்காது.

இந்த விதியால் விளையாட்டும் நடக்கும். 2013-இல் இரண்டாவதாகத் தேர்வான கிரிஸ் பிரையன்ட் 2015 சீசனுக்கு முழுத் தயாராக இருந்தார். கப்ஸ் அவரை ஏப்ரல் 17 அன்றுதான் மேலே அழைத்தது. அந்தச் சீசனில் அவருக்குக் கிடைத்தது 171 நாள். ஒரு நாள் குறைவு. அதனால் ஓராண்டு கூடுதல் கட்டுப்பாடு. அவர் முறையிட்டுத் தோற்றார். லீகும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2022 ஒப்பந்தம் இதற்கு ஓரளவு கடிவாளம் போட்டிருக்கிறது: ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு முழு ஆண்டு சேவை கிடைக்கும்.

ஆண்டு வாரியாக என்ன நடக்கும்?

புதியவர் வழக்கமாக அக்டோபர் அல்லது நவம்பரில் வருவார். நவம்பர் நடுவில் 40 பேர் பட்டியல் முடிவு, மாத இறுதிக்குள் யாருக்கு அடுத்த ஆண்டு சம்பளம் தருவது என்ற முடிவு, டிசம்பரில் குளிர்காலக் கூட்டம். தன் வீரர்களையே முழுதாகத் தெரிந்துகொள்வதற்குள் அவர்களில் யாரை விடுவது என்று கையெழுத்துப் போட வேண்டிய நிலை. முதல் டிராஃப்டும் பெரும்பாலும் முன்னவர் வைத்த, திறமை தேடும் ஸ்கவுட்டுகளின் கண்ணை நம்பித்தான். ஆகவே முதல் ஆண்டு வெற்றி தோல்வி எண்ணிக்கையை வைத்துப் புதியவரை எடை போடுவது வீண்.

ஹூஸ்டனுக்கு ஜெஃப் லூனோ 2011 டிசம்பரில் வந்தார். முந்தைய சீசனில் 106 தோல்வி. அவர் வந்தபின் 107, பிறகு 111. நான்காவது சீசனான 2015-இல் 86 வெற்றி, 2017-இல் 101 வெற்றியும் கோப்பையும். மொத்தம் ஆறு சீசன். இந்த ஏற்றத்தில் அவருடைய தந்திரமாக அடிக்கடி சொல்லப்படுவது 2012 டிராஃப்ட். முதல் தேர்வுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 72 லட்சம் டாலர். கார்லோஸ் கொரியா 48 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். மிச்சத்தில் 41-ஆவது இடத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸை 25 லட்சம் கொடுத்துப் பிடித்தார்கள். இருவருமே 2017-இல் ஆடினார்கள்.

ஆனால் அதே அணியில் ஹோசே அல்டுவே 2007-இல் வெறும் 15 ஆயிரம் டாலருக்கு வந்தவர். டாலஸ் கைக்கல் 2009, ஜார்ஜ் ஸ்பிரிங்கர் 2011. மூவரும் லூனோவுக்கு முன்னால் விதைத்தது. தொடர் தோல்வியில் வேலை இழந்த முன்னவர்கள் விட்டுப்போன நாற்று. இதைச் சொல்லாமல் ஹூஸ்டன் கதையைச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். இன்னொன்றையும் மறைக்க முடியாது: 2017-இல் கேமரா வைத்து எதிரணி கேட்சர் தன் பிட்சருக்குக் காட்டும் சைகைகளைத் திருடியது விசாரணையில் உறுதியாகி, 2020 ஜனவரியில் லூனோவும் மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச்சும் ஓராண்டு தடை பெற்றார்கள். அன்றே உரிமையாளர் இருவரையும் நீக்கினார். முதல் இரண்டு சுற்றுத் தேர்வுகள் இரண்டு ஆண்டுக்குப் பறிபோயின.

கட்டும் வேலையில் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் வெற்றிக்குப் பதில் வேறு அறிகுறிகளைப் பார்க்க வேண்டும். டபுள்-ஏ, டிரிபிள்-ஏ அணிகள் அடர்த்தியாகின்றனவா? வேறு அணி கழித்துவிட்ட பிட்சர் இங்கே வந்து தேறுகிறாரா? நீண்ட பழைய ஒப்பந்தங்கள் கழிகின்றனவா? மூன்றாம் ஆண்டு முடிவில் இவற்றில் இரண்டுக்காவது ஆம் என்ற பதில் வராவிட்டால், நான்காம் ஆண்டில் திடீரென எதுவும் நடக்காது. நான்கில் பாதிக்குப் பாதி வெற்றியைத் தொட வேண்டும். அந்த நேரத்தில்தான் பணப்பையைத் திறப்பார்கள். கப்ஸ் 2014 டிசம்பரில் ஜான் லெஸ்டருக்கு ஆறு ஆண்டுக்கு 15.5 கோடி டாலர் கொடுத்தது இந்தக் கட்டத்தில்தான். ஹூஸ்டன் 2017-இல், அப்போது இருந்த இரண்டாவது கெடுவான ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குச் சற்று முன் மூன்று இளைஞர்களைக் கொடுத்து ஜஸ்டின் வெர்லண்டரை வாங்கியதும் அதே கணக்கு. விதைநெல்லை எடுத்துச் சமைக்கலாம், விருந்து அன்றைக்கு என்று உறுதியாகத் தெரிந்தால்.

எங்கே கெடும்?

பிட்சரின் முழங்கையில் முதலில் கெடும். தசைநார் அறுந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை, திரும்பி வர 12 முதல் 18 மாதம். மூன்று இளம் பிட்சர்களை நம்பி அட்டவணை போட்டவர், அவர்களில் ஒருவருக்காவது ஓராண்டு போகும் என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கப்ஸ் பேட்டர்களை வளர்த்து, பிட்சர்களை வெளியிலிருந்து வாங்கியதற்கு இதுவே காரணம்.

அடுத்து, முதல் தேர்வே பொய்த்துப் போவது. 2013-இல் ஹூஸ்டன் முதலாவதாக எடுத்த மார்க் அப்பெல் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட மேஜர் லீகில் ஆடவில்லை. பிலடெல்பியாவுக்காக அவர் முதல் ஆட்டம் ஆடியபோது 2022, வயது 30. அடுத்த தேர்வில் கப்ஸ் எடுத்தது பிரையன்டை. 2014-இல் ஹூஸ்டனின் முதல் தேர்வு பிரேடி ஐக்கன். மருத்துவச் சோதனையில் முழங்கை பற்றிச் சந்தேகம் வந்து, ஒப்பந்தமே கையெழுத்தாகவில்லை. நல்ல வேளையாக விதிப்படி அடுத்த ஆண்டு இரண்டாவது தேர்வு ஈடாகக் கிடைத்தது. அதில் வந்தவர்தான் மேலே சொன்ன பிரெக்மன். விட்டது பிடித்தது எல்லாம் இப்படித்தான். 2014 மார்ச்சில் அதே ஹூஸ்டன் சும்மா விடுவித்த ஜே.டி. மார்டினெஸ், டெட்ராய்ட்டில் 2015-இல் 38 ஹோம் ரன் அடித்தார்.

வேண்டுமென்றே தோற்று முதல் தேர்வைப் பிடிப்பதும் இப்போது பழையபடி பலிக்காது. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல். மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதலிட வாய்ப்பு தலா 16.5 சதவீதமே. ஓர் அணி தொடர்ந்து குலுக்கலில் இடம் பெறவும் தடை உண்டு. சிகாகோ வைட் சாக்ஸ் 2024-இல் 121 ஆட்டம் தோற்றது. 2025 டிராஃப்டில் அதற்குக் கிடைத்தது பத்தாவது இடம்.

வைட் சாக்ஸ் கதை வேறு வகையிலும் எச்சரிக்கை. 2016 டிசம்பரில் கிரிஸ் சேலை பாஸ்டனுக்கு விற்று மறுகட்டுமானத்தைத் தொடங்கினார்கள். வந்த இளைஞர்களைப் பார்த்து எல்லாரும் மெச்சினார்கள். 2020-இலும் 2021-இலும் பிளே-ஆஃப் வந்தது, அதில் ஒரு தொடர்கூட வெல்லவில்லை. 2022-இல் 81 வெற்றி 81 தோல்வி. 2023-இல் 101 தோல்வி, ஜெனரல் மேனேஜர் ரிக் ஹான் ஆகஸ்டிலேயே வெளியே. முதல் அலை மட்டும் இருந்தது. காயங்கள் வந்தபோது நிரப்ப இரண்டாவது அலை நாற்றங்காலில் இல்லை.

சீக்கிரம் முடித்தவர்களும் பொறுத்தவர்களும்

டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 2021-இல் 102 ஆட்டம் தோற்றது. அந்தக் குளிர்காலத்தில் கோரி சீகருக்கு பத்து ஆண்டுக்கு 32.5 கோடி டாலர், மார்கஸ் செமியனுக்கு ஏழு ஆண்டுக்கு 17.5 கோடி. 2022-இல் மறுபடி 94 தோல்வி. 2023-இல் 90 வெற்றி, கோப்பை. கிரிஸ் யங் ஜெனரல் மேனேஜராகி மூன்றாவது சீசன்தான் அது. பணம் காலத்தைச் சுருக்கும். ஆனால் அத்தனை பணம் தரும் உரிமையாளர் எல்லா ஊரிலும் இல்லை.

கான்சஸ் சிட்டி சின்ன ஊர். டேட்டன் மூர் 2006 ஜூனில் வந்தார். 2007 முதல் 2012 வரை ஆறு முழு சீசனும் தோல்விப் பக்கம்தான். ஒன்றில்கூட 75 வெற்றியைத் தாண்டவில்லை. இன்றைக்கு எந்த உரிமையாளரும் அவ்வளவு பொறுப்பாரா என்பது சந்தேகம். 2013-இல் 86 வெற்றி, 2014-இல் வேர்ல்டு சீரிஸ் இறுதிவரை, 2015-இல் கோப்பை. ஒன்பது முழு சீசன். 2010 டிசம்பரில் சாக் கிரெய்ங்கியை மில்வாக்கிக்குக் கொடுத்து வாங்கிய லொரென்சோ கெய்னும் அல்சிடெஸ் எஸ்கோபாரும் அந்த அணியின் முதுகெலும்பு. 2006-இல் வெனிசுவேலாவில் 16 வயதில் கையெழுத்திட்ட சால்வடோர் பெரெஸ் 2015 வேர்ல்டு சீரிஸின் சிறந்த வீரர். ஒன்பது ஆண்டு எங்கே போயிற்று என்று கேட்டால், ஒரு பகுதி அந்தப் பையன் வளர்வதில் போயிற்று.

பொறுமைக்கும் எல்லை உண்டு. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 2019 நவம்பரில் பென் செரிங்டனை நியமித்தது. 2020 முதல் 2025 வரை ஆறு சீசன், ஒன்றில்கூட பாதிக்கு மேல் வெற்றி இல்லை. பால் ஸ்கீன்ஸ் போன்ற அபூர்வமான பிட்சர் கையில் இருந்தும். சின்ன ஊர், குறைந்த சம்பளப் பட்டியல் என்ற வாதம் நியாயமே. ஆனால் ஆறு சீசன் என்பது ஒரு வீரரின் முழுக் கட்டுப்பாட்டுக் காலம். அதற்குள் 82 வெற்றிகூட வராவிட்டால் முன்னவர்மேல் பழி போட இடமில்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால்: சுமாரான அணியும் பணமும் கிடைத்தால் இரண்டு மூன்று சீசன். காலி வீடும் ஓரளவு பணமும் என்றால் நான்கில் பிளே-ஆஃப், ஐந்து ஆறில் கோப்பைக்கான தகுதி. காலி வீடு, சின்ன ஊர் என்றால் ஏழு வரை கொடுக்கலாம். “கோப்பைக்கான தகுதி” என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. 162 ஆட்டத்தில் நல்ல அணி மேலே வந்துவிடும். ஐந்து ஆட்டத் தொடரில் எதுவும் நடக்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2022-இல் 111 ஆட்டம் வென்று, முதல் தொடரிலேயே சான் டியேகோவிடம் விழுந்தது. ஜெனரல் மேனேஜரை வாசல்வரை கொண்டு சேர்த்தாரா என்று பார்த்து மதிப்பிடுவதே நியாயம்.

வாசல்வரை போய் நிற்பவர்களில் பால்டிமோரின் எலையஸ் இப்போது கவனிக்க வேண்டியவர். அவர் வருவதற்கு முன் 115 தோல்வி. அவர் காலத்தில் 2019-இல் 108, 2021-இல் 110. பிறகு 2022-இல் 83 வெற்றி, 2023-இல் 101. அந்த 101-க்குப் பிறகு டெக்சஸிடம் மூன்றுக்கு மூன்று தோல்வி. 2024-இல் கான்சஸ் சிட்டியிடம் இரண்டுக்கு இரண்டு. 2025-இல் 75 வெற்றியோடு கீழே இறங்கிவிட்டது. 2019 டிராஃப்டின் முதல் தேர்வான கேட்சர் அட்லி ரட்ச்மன், விதிப்படி 2027 சீசன் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட். அதே டிராஃப்டில் 42-ஆவதாக வந்த கன்னர் ஹென்டர்சனுக்கு 2028.